கடைசி வளைவு

பழைய கார்களின் அணிவகுப்பில் முன்னால் போக, பந்தயத்தில் ஜெயித்த கார் ஒன்று தேவைப்பட்டது. அதைத் தேடி கே.கே. நகரிலிருந்து கலையரசன் ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டார். சௌரிராஜன் வீட்டு ஷெட்டில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பளபளவென்று நின்றது.

“எண்பத்தாறுல சோழவரத்துல ஜெயிச்சது இதுதானுங்களா சார்?”

“இதேதான். பத்து ரவுண்டு. கடைசி வளைவுல பிரேக்கையே தொடலை. பின்னால வந்தவனுக்குப் புகைதான் மிச்சம்,” என்றார் சௌரிராஜன், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல.

கலையரசனுக்கு உடம்பு சிலிர்த்தது. “ஞாயித்துக்கிழமை நீங்கதான் ஓட்டணும். அந்த வளைவுல உங்களுக்குப் பயமா இல்லையா சார்?”

“பயந்துதான் நான் பிரேக் போட்டேன். புகையைக் குடிச்சுண்டு ரெண்டாவதா வந்தவன் நான்.”

கலையரசன் விழித்தார். “அப்போ ஜெயிச்சது யாருங்க?”

சௌரிராஜன் வீட்டுக்குள் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். “கமலா, ஞாயித்துக்கிழமை காரை ஓட்டணுமாம்.”

கார் சாவியோடு வந்த கமலவல்லி சிரித்தாள்.

“பேஷா ஓட்டறேன். இவரும் பக்கத்துல உட்காரட்டும். அன்னிக்குத் தோத்துட்டு, எனக்குக் கை குடுக்க வந்தவர்தான். இன்னும் விடலை.”