வெட்டி வைத்த மூச்சு

தம்பி பாதி வரியில் நிறுத்திவிட்டு, ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டான்.

பரவாயில்லை என்று அக்கா இந்தப் பக்கத்திலிருந்து கையாட்டினாள். வேறென்ன செய்வாள்.

அந்த ராக் குழுவே ஒரு குடும்பக் கூத்து. பாடுவது தம்பி. பேஸ் கிட்டார் அக்கா, கோரஸும் அவளே. டிரம்ஸ் அடிப்பது அவள் கணவர், தம்பிக்கு மாமா. வீட்டில் வாயே திறக்காத மனிதர், டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மற்ற யாரையும் வாய் திறக்க விடமாட்டார்.

ஆல்பத்தை ஆரம்பித்தபோது தம்பி நன்றாகத்தான் இருந்தான். கொஞ்சம் சளி, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஒரு சுற்று இளைத்துக்கொண்டே வந்தான். நுரையீரல் சோர்ந்துபோயிருக்கிறது, காரணம்தான் பிடிபடவில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் இரண்டாக உடைத்துப் பாடுகிறான். நிறுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் முறைக்கிறான்.

உடைத்துப் பாடியதை ஒட்டுவது ரெக்கார்டிங் இன்ஜினியரின் வேலை. குழுவில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். வரிகளுக்கு நடுவே தம்பி இழுக்கும் மூச்சு மைக்கில் பெரிதாக விழுந்தது. அதையெல்லாம் கத்தரி ஒன்று விடாமல் வெட்டி எடுத்துவிடுவான். வெட்டிய இடம் தெரியவே தெரியாது. சளியோடு பாடிய முதல் பாட்டிலிருந்தே அப்படித்தான். என்ன சுத்தமான குரல் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் மாமா மாடியில் குட்டித் தூக்கம் போடப் போயிருந்தார். அக்கா கத்தரியின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரையில் தம்பியின் குரல் அலையலையாக நீண்டு கிடந்தது. அலைகளுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகள். அவைதான் மூச்சு.

கத்தரி ஒரு மேட்டை வளைத்துப் பிடித்து, பட்டனைத் தட்டினான். மேடு காணாமல் போனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியின் தோள் இறங்கியது.

அடுத்த மேடு. பட்டன். தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

தூக்கம் கெட்ட கண் எதையும் காட்டும் என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்ததற்கு அவள் திரையைப் பார்க்கவே இல்லை, தம்பியை மட்டும் பார்த்தாள். பட்டன் சத்தம் கேட்டது. தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

அவள் கத்தரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இதுவரைக்கும் வெட்டினதெல்லாம் எங்க?”

எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் தனக்குக் கிடையாது, எல்லாம் ஓர் ஓரமாகப் பத்திரமாக இருக்கிறது என்றான் கத்தரி. அத்தனையையும் திரும்ப ஒட்டச் சொன்னாள். ஆல்பம் ஆஸ்பத்திரி மாதிரி கேட்கும் என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, ஒரே ஒரு மூச்சை எடுத்து ஒட்டினான்.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இந்த முறை கத்தரியும் பார்த்துவிட்டான். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை, பேசினால் எங்கே கெட்டுவிடுமோ என்று பயம். முதல் பாட்டிலிருந்து விறுவிறுவென்று ஒட்டிக்கொண்டே வந்தான். தம்பியின் உதட்டில் நிறம் ஏறியது. எழப் பார்த்தான், முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

ஓரிரு இடங்களில் கத்தரியின் கை தயங்கியது. எதையோ தேடினான், எங்கிருந்தோ எடுத்தான், ஒட்டினான்.

தம்பி நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

அக்கா அழுதேவிட்டாள். இதை உடனே கணவரிடம் சொல்லியாக வேண்டும். தடதடவென்று மாடிப்படி ஏறினாள். பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். சந்தோஷத்தில் நெஞ்சு அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு கைப்பிடியில் சாய்ந்தாள்.

அடைப்பு விலகவில்லை.

கீழே கத்தரி வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

“சில இடத்துல தம்பி இருமினதுல மூச்சே பதிவாகல, அக்கா. கோரஸ்ல இருந்து உங்களுதை எடுத்துப் போட்டேன், ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. உங்ககிட்ட கேட்டிருக்கணும். கைப்பழக்கத்துல வெட்டிட்டேன்.”

இதோ, இப்போதே தம்பியின் பாட்டிலிருந்து அவளுடையதை எடுத்து அவளிடமே வைத்துவிடுகிறேன் என்று பதறிக்கொண்டு திரும்பினான்.

அவள் படிகளில் சறுக்காத குறையாக இறங்கி, பின்னாலிருந்து அவன் சட்டையைப் பற்றினாள்.

திறந்திருந்த கதவு வழியாகத் தம்பியின் குரல் வந்தது. காலையிலிருந்து உடைத்து உடைத்துப் பாடிய அதே வரியை உடைக்காமல் பாடிக்கொண்டிருந்தான்.

வேண்டாம் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். சொல் பாதியில் நின்றது.

பற்றிய சட்டையை மட்டும் அவள் விடவில்லை.