வெள்ளை வயர்

ரோலண்ட் பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று மூக்கைச் சுளித்தான். யாரையும் கேட்காமல் நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கினான்.

அடுத்த நிமிஷம் வீடு மொத்தமும் இருண்டது.

டி.வி.யில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரக் கூட்டம் ஒரே குரலில் அலறியது. கோல் போஸ்ட்டே அவர்கள் தலையில் விழுந்துவிட்ட மாதிரி அப்படி ஒரு அலறல்.

மார்லிஸுக்கு உச்சந்தலை சூடேறியது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து. கிளேட்டனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அவள் எல்லோரையும் கூப்பிட்டு வைக்கும் முதல் விருந்து. மதியம் அம்மா வீட்டில், ராத்திரி அப்பா வீட்டில் என்று பேசிவைத்தபடி மகள் பிரிட்டாவைக் கூட்டிப்போக வந்தவன்தான் ரோலண்ட். முன்னாள் புருஷன். வந்தவன் காரிலேயே உட்கார்ந்து ஹாரன் அடித்திருக்கக் கூடாதா?

"மெயினையா நிறுத்தின? உனக்கென்ன பைத்தியமா?" கீழ்த்தளப் படியின் உச்சியிலிருந்து கத்தினாள்.

"கிச்சன்ல இருக்கற ப்ளக் எல்லாத்தையும் புடுங்குங்க! கிளேட்டன், டார்ச் எடுத்துட்டு நீ மட்டும் கீழ வா!" கீழிருந்து ரோலண்டின் குரல் வந்தது.

கிச்சன் மேடை முழுக்க மின்சாரப் பானைகள். வந்தவர்கள் வீட்டுக்கு ஒன்றாகத் தூக்கிவந்து, கண்ட இடத்தில் சொருகிச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவுக்குப் பொறாமை," என்றாள் பிரிட்டா, எல்லோர் காதிலும் விழும்படி. "கிளேட்டன் எனக்கு ரூம் கட்டினதுலேருந்தே இப்படித்தான்."

மார்லிஸுக்கும் அதுதான் பயம். ரெண்டு வருஷமாக கிளேட்டனின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காத பெண். அவன் வேலை முடிந்து வந்து, கீழ்த்தளத்தில் பலகை அடித்து, ஹீட்டருக்கு வயர் இழுத்து, அவளுக்கென்று ஒரு ரூம் கட்டிக்கொடுத்தான். மெயின் பெட்டியில் இன்னொரு பிரேக்கர் சுவிட்ச் மாட்ட இடமே இல்லை என்றபோதும் எப்படியோ அவனே சமாளித்தான். அன்றுதான் பிரிட்டா முதல்முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள். இன்று காலையிலிருந்து வந்தவர்களையெல்லாம் இழுத்துப்போய் அந்த ரூமைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

ரோலண்ட் எலெக்ட்ரீசியன். குற்றம் கண்டுபிடிக்க நினைத்தால் நூறு கண்டுபிடிப்பான்.

கீழே ரெண்டு ஆண் குரல்கள் தணிந்து பேசின. ஒரு குரல் உயர்ந்தது, உடனே அடங்கியது. பிளாஸ்டிக் கருகிய நாற்றம் இப்போது மேலே வரைக்கும் வந்தது. மார்லிஸ் பிரிட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ரோலண்ட் மேலே வந்தான். பின்னால் வந்த கிளேட்டனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"தப்பு என்னோடது," என்றான் ரோலண்ட்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"கிச்சனுக்கு ரெண்டு லைன், நான் இங்க இருந்தப்ப இழுத்தது. ரெண்டுலயும் வர்ற கரண்ட் திரும்பிப் போக ஒரே வெள்ளை வயர், நியூட்ரல். பிரேக்கர் ரெண்டையும் தனித்தனி இடத்துல மாட்டினா ஒண்ணோட பாரத்தை இன்னொண்ணு கழிச்சிடும். நான் இடம் மிச்சம் பண்றேன்னு, ஒரே இடத்துல ரெண்டு அடங்கற இரட்டை பிரேக்கரைப் போட்டுத் தொலைச்சேன். மொத்த பாரமும் வெள்ளை வயர் தலையில. இன்னிக்கு இத்தனை பானையும் ஒண்ணா ஓடவும் வயர் வெந்துபோச்சு."

"ட்ரிப் ஆகலையே?" என்றார் மார்லிஸின் அண்ணன்.

"ஆகாது. வெள்ளை வயருக்கு பிரேக்கர் காவல் கிடையாது. சுவத்துக்குள்ள தீப்பிடிச்சாதான் தெரியும்."

"என் ரூம்?" என்றாள் பிரிட்டா.

"உன் ரூம் லைன்ல ஒரு குறையும் இல்லம்மா. கிளேட்டன் நல்லா இழுத்திருக்கான். தைரியமாத் தூங்கு."

மார்லிஸுக்கு வாய் அடங்கவில்லை. "ஊருக்கெல்லாம் வயர் இழுக்கற பெரிய எலெக்ட்ரீசியன்! பெத்த பொண்ணு இருக்கற வீட்டுக்குப் பண்ணின லட்சணம் இதுதானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பா, நான் இன்னிக்கு உங்க வீட்டுக்கு வரல," என்று சொல்லிவிட்டு பிரிட்டா கிளேட்டன் பக்கத்தில் போய் நின்றாள்.

"சரிம்மா." அவ்வளவுதான் சொன்னான். கீழே போய் கிச்சனை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மெயினைப் போட்டான். "கிச்சன் பிரேக்கரை யாரும் தொடாதீங்க. நாளைக்கு வந்து வயரை மாத்திடறேன்."

கார் கிளம்பிப் போயிற்று. டி.வி. மறுபடி அலறியது. கூட்டமும் ரோலண்டை மறந்து அலறியது.

கிளேட்டன் மட்டும் கீழ்த்தளப் படியில் உட்கார்ந்திருந்தான்.

"வா, வான்கோழி ஆறிப்போகுது," என்றாள் மார்லிஸ். "பொண்ணு வரலேன்னதும் அவன் மூஞ்சியைப் பார்த்தியா? நல்லா வேணும்."

"மார்லிஸ், அந்த இரட்டை பிரேக்கரை மாட்டினது நான்."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"ரூமுக்கு ஒரு இடம் வேணும்னு கிச்சன் பிரேக்கர் ரெண்டையும் ஒண்ணாக்கினேன். ஒரே வெள்ளை வயர்னு எனக்குத் தெரியாது."

"அப்ப அவன் ஏன்..."

"நானே சொல்லிடறேன்னு படியேறினேன். சட்டையைப் பிடிச்சு நிறுத்திட்டான். 'பெத்த அப்பன் மேல வர்ற கோவம் ரெண்டு நாள்ல போயிடும். உங்கிட்ட இப்பதான் ஒட்டியிருக்கா, பிச்சு எடுத்துடாதே'ன்னான்."