மணிக்கயிறு

ஸ்காட்லாந்தின் அந்தச் சிற்றூரில் நகர்மன்றத்துக்கும் சிறைக்கும் சேர்த்து ஒரே கற்கோபுரம்தான். உச்சியில் மணி, தரையில் மணியடிப்பவன், நடுவே கைதியின் அறை. வேறு வழியில்லாமல் மணிக்கயிற்றை அந்த அறையின் கூரையிலும் தரையிலும் துளையிட்டு, அதன் வழியேதான் கீழே இறக்கியிருந்தார்கள். மணி ஒலிக்காமல் யாரையும் தூக்கிலிடக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

அன்று காலை மணியடிப்பவன் மர்டோ இழுத்தபோது கயிறு அசையவில்லை. மறுபடி இழுத்தான். மேலிருந்து ஒரு நடுக்கம் அவன் உள்ளங்கைக்கு இறங்கி வந்தது. ஆடு திருடியதற்காக அன்று தூக்கிலிடப்பட இருந்த கைதி மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

நகரத் தலைவர் வாசலில் வந்து நின்றார். "என்னய்யா, இன்னும் அடிக்கலையா?"

"கயிறு எங்கேயோ சிக்கிக்கிட்டிருக்குங்க."

"ஊரே வெளியே நிக்குது. இன்னிக்கு மணி அடிக்கலேன்னா உன் வேலை போச்சு, பாத்துக்க."

துளை வழியே அவர் குரல் மேலேயும் போயிருக்க வேண்டும். சற்று நேரத்தில் கயிறு தளர்ந்தது. கைதி பிடியை விட்டுவிட்டான். இனி ஓர் இழுப்பு போதும்.

"சரியாயிடுச்சா?" என்றார் தலைவர்.

மர்டோ இரண்டு கைகளாலும் கயிற்றை அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் இல்லீங்க ஐயா."