கடைசி ஓவர் யாருக்கு?

தளபதியின் ஒரே ஒரு தவறான முடிவு, சாம்ராஜ்யங்களைச் சாய்த்திருக்கிறது. ராசிபுரம் கிரிக்கெட் அணியை அது அரையிறுதியில் சாய்த்தது. தோற்ற கையோடு பேக்கரியில் விசாரணை தொடங்கியது.

"ஏப்பா சேவியர்ராஜு, நீயெல்லாம் ஒரு கேப்டனா?" டீ கிளாஸை ணங்கென்று வைத்தார் நல்லப்பன். "நம்ம ஸ்டார் பவுலர் ஆரோக்கியசாமிக்கு ஒரு ஓவர் மிச்சம் இருக்கறப்ப, கடைசி ஓவரை வேற ஆளுக்குக் குடுப்பாங்களா?"

"அதானுங்க!" என்றார்கள் சுற்றி நின்ற ரசிகர்கள்.

"பந்தைக் கேட்டு வாங்கிட்டாங்கண்ணா."

"கேட்டா? முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லோணும். அந்தத் தைரியம் இல்லாதவன் எதுக்கு கேப்டன்? இன்னையோட நீ வேண்டாம் சாமி!"

"சரிங்கண்ணா" என்று தலையைக் குனிந்துகொண்டான் சேவியர்ராஜ்.

அந்தக் கடைசி ஓவரைப் போட்டு இருபத்தாறு ரன் கொடுத்தவர், அணிக்கு டி-ஷர்ட் எடுத்துக்கொடுத்த நல்லப்பன்தான்.