மேனேஜருக்கு மூச்சு வாங்குது

"மாமனாருக்கு ஒரு தலைவலி மாத்திரை வாங்கித் தர ஆளில்ல. நாய்க்கு மட்டும் வருஷா வருஷம் செக்கப்."

நாய் ஆஸ்பத்திரியின் பெஞ்சில் உட்கார்ந்ததும், தனக்குப் பின்னால் கிளிக்கூண்டோடு வந்த அம்மாவிடம் பெரியவர் இதைத்தான் முதலில் சொன்னார். மருமகள் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

விழுந்தது.

"நீங்கதானே மாமா ஆஸ்பத்திரி வாசல்லயே கால் வைக்க மாட்டேன்னு..."

"வைக்க மாட்டேன். எனக்கு அப்புறம் வந்தவனை எனக்கு முன்னாடி கூப்பிட்டான் அந்த டாக்டர்."

"அது என் கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது மாமா."

"நடந்துச்சா, இல்லையா?"

 நாய் ஆஸ்பத்திரி அவருடைய ஆஸ்பத்திரிக் கணக்கில் வராது என்பதே பெரிய விஷயம்.

நாயின் பெயர் மேனேஜர். பெரியவர் குடோனில் மூட்டை ஏற்றி இறக்கிய காலத்தில் அங்கே ஒரு மேனேஜர் இருந்தார். ஒரு நாளாவது இவரை உட்காரச் சொன்னதில்லை. இப்போது தெருவில் நாலு பேர் பார்க்க "மேனேஜர், உக்காரு" என்று அதட்டும்போது பெரியவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோகும்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"எப்பவும்போல செக்கப்தான் தம்பி," என்றார் டாக்டரிடம். "ஆனா இந்தத் தடவை எனக்கே பயமா இருக்கு. மாடிப்படி பாதி ஏறினதும் மேனேஜருக்கு மூச்சு வாங்குது. அவனுக்காக நானும் நின்னு நின்னு ஏறுறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் ஒரே தாவலில் மேஜைமேல் ஏறி நின்றது.

டாக்டர் மருமகளைப் பார்த்தார். ஓரமாக நின்ற கண்ணாடி போட்ட அம்மாவைப் பார்த்தார்.

"முதல்ல எடை. தனியா நிக்க மாட்டான். நீங்க தூக்கிக்கிட்டு ஏறுங்க."

ஏறினார்.

"இப்ப அவனை இறக்கிட்டு நீங்க மட்டும் நில்லுங்க. கழிச்சுக்கலாம்."

நின்றார். யாரும் எதையும் கழித்த மாதிரி தெரியவில்லை.

"அடுத்து பல்லும் நாக்கும். நீங்க திறந்து காட்டுங்க ஐயா, பாத்துக் கத்துக்குவான்."

பெரியவர் வாயைத் திறந்தார். கண்ணாடி அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். மேனேஜரும் வாயைத் திறந்து காத்திருந்தது. அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

பிறகு காற்றடித்து இறுக்கும் ஒரு பட்டை வந்தது. "இதைக் கட்டினா மிரளுவான். முதல்ல உங்க கையில கட்டுறோம்."

பிறகு ஸ்டெதஸ்கோப். "நல்லா மூச்சை இழுத்து விடுங்க."

"நான் எதுக்கு விடணும்?"

"நீங்க விட்டாத்தான் அவன் விடுவான்."

நியாயமாகத்தான் பட்டது. விட்டார். முதுகில் வைத்துக் கேட்டார்கள். அதற்கும் விட்டார். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, நாயைப் பிடின்னா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே. வேலைக்குப் புதுசா?"

"ஆமாங்கய்யா," என்றார் கண்ணாடி அம்மா. "இந்த இடம் எனக்குப் புதுசுதான்."

அதற்குள் டாக்டர் மேனேஜரின் காதைப் பார்த்து, நகம் வெட்டி, பூச்சி மாத்திரை கொடுத்து, தடுப்பூசியும் போட்டு முடித்துவிட்டார். கண்ணாடி அம்மா மட்டும் இன்னும் மணிக்கட்டை விடவில்லை. மருமகளைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்குக் காலையில வெறும் வயித்துல எதிர்க் கட்டடத்துக்குக் கூட்டிட்டு வாங்க. ரத்தம் எடுக்கணும், ஸ்கேன் பாக்கணும். அதுவரை படி ஏற வேண்டாம். உப்பைக் குறைங்க."

பெரியவர் மேனேஜரின் தலையைத் தடவினார். "சரியாயிடுமா?"

"இப்பவே கவனிச்சா சரியாயிடும்."

"பாத்துக்கம்மா. அந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். கிளிக்கூண்டு அம்மா கண்ணாடி அம்மாவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"டாக்டரம்மா, நீங்க எங்க இங்க? நீங்க நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணின பிறகு என் வீட்டுக்காரர் ஜம்முனு நடக்கிறார்." பெரியவரிடம் திரும்பினார். "இவங்களைப் பாக்க நாங்க எத்தனை நாள் காத்துக் கிடந்தோம் தெரியுமா? நாய்க்கும் பாக்கிறாங்களா என்ன?"

 கிளி "யாரு? யாரு?" என்றது.

"எங்க அக்காதான் ஐயா," என்றார் நாய் டாக்டர் மெதுவாக. "உங்க மருமக இந்த வாரம் பூரா வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னாங்க. என்னால மறுக்க முடியல."

"மாமா, அது வந்து..."

"நீ பேசாத."

பெரியவர் நாயின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வாசல்வரை போனார். அங்கே நின்று மூச்சு வாங்கினார். மேனேஜர் அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்தது.  அவர் மன்னிக்காதவர்கள் வரிசையில் குடோன் மேனேஜருக்கும் அந்தப் பழைய டாக்டருக்கும் அடுத்த இடம் இனி தனக்குத்தான் என்பது மருமகளுக்குத் தெரியும்.

அவர் திரும்பி வந்தார். சங்கிலியை அவள் கையில் கொடுத்தார். கண்ணாடி அம்மாவைப் பார்த்தார்.

"நாளைக்கு வெறும் வயிறுன்னு சொன்னீங்களே."

"ஆமாங்கய்யா."

"மேனேஜர் எப்பவும்போல சாப்பிடலாம்ல?"