உச்ச மதிப்பெண்

"உன்னாலதான்டி எனக்கு மார்க் இறங்குது!"

சின்னவள் புள்ளியியல் புத்தகத்தைக் கட்டிலில் வீசினாள். எதிர்க் கட்டிலில் இருந்தவள் தலை நிமிரவில்லை.

ஒரே வீட்டுப் பெண்கள். அண்ணன் மகளும் தம்பி மகளும். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே அறை. அண்ணன் மகள் மூன்று மாதம் மூத்தவள். எந்தத் தேர்வு எழுதினாலும் பத்துக்குப் பத்து வாங்கியதால் வீட்டில் அவளுக்குப் பெயரே 'பத்து' என்றாகிவிட்டது. தம்பி மகளுக்குப் பெயராக வைக்கும்படி எந்த எண்ணும் நிலைத்து நிற்கவில்லை.

"நான் என்ன பண்ணினேன்?" என்றாள் பத்து.

"புள்ளியியல் சார் எப்படித் திருத்துறார்? வகுப்புல யார் அதிகமா வாங்குறாங்களோ, அதையே முழு மார்க்கா வச்சு மத்தவங்களை அளக்கிறார். நீ நூறுல போய் உக்காந்துக்கிற. உனக்கு அடுத்தவன் எழுபத்தஞ்சைத் தாண்டினதே இல்ல. நீ கொஞ்சம் இறங்கினா வகுப்பே கரையேறும்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சொன்னேன்."

கோபத்தில் நியாயம் இல்லாவிட்டாலும் காரணம் இருந்தது. மொத்தச் சராசரி பத்துக்கு ஏழு இருந்தால்தான் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் நேர்முகத்துக்குள் விடும். அவளிடம் இருந்தது ஆறு புள்ளி ஒன்பது ஆறு. மிஞ்சியிருந்தது புள்ளியியல் மட்டுமே. அப்பா உடம்பு முடியாமல் வேலையை விட்டு நின்றிருந்த நிலையில், அந்த நேர்முகத்தைத் தவறவிடும் வசதி அவளுக்கு இல்லை.

பத்து புத்தகத்தை மூடினாள். "ஒரு கிரெடிட் பாடமா மூணு எடுத்தியே. மேடைப் பேச்சு, செடி வளர்ப்பு... இன்னொண்ணு என்ன?"

"காகிதப் பூ."

"மூணுலயும் பத்து வாங்கின. சராசரி நகர்ந்துதா?"

"எறும்பு மாதிரி."

"நகராது. மூணும் சேர்ந்தே எடை மூணு கிரெடிட்தான். புள்ளியியல் ஒண்ணே நாலு. இதுல எட்டு வாங்கினா மொத்தம் சரியா ஏழு. ஏழு வாங்கினா இருந்த இடத்துலயே நிப்ப. நான் நூறு எடுத்தா நீ எண்பது எடுக்கணும். வாய் பேசுற நேரத்துல படி."

"மகாராணி உத்தரவு!"

அதன் பிறகு தேர்வு நாள்வரை இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சின்னவள் படித்தாள். வீம்புக்காவது படித்தாள்.

தேர்வில் கடைசிக் கேள்வி பதினாறு மதிப்பெண். அதோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. பத்து விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது.

'திமிர்' என்று நினைத்துக்கொண்டு சின்னவள் மறுபடி குனிந்தாள்.

முடிவு வந்தது. சின்னவளுக்கு அறுபத்தெட்டு. வகுப்பின் உச்சமே எண்பத்து நாலில் நின்றுவிட்டதால், அந்த அறுபத்தெட்டு எட்டாக உயர்ந்தது. சராசரி ஏழு. அப்பா எழுந்து உட்கார்ந்து அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அந்த எண்பத்து நாலை வாங்கியவள் பத்து. உச்சம் அவளுடையதே என்பதால் அவளுடைய பத்துக்குப் பழுதில்லை. ஆனால் எல்லாப் பாடத்திலும் தொண்ணூறைத் தொட்டவர்க்கு மட்டுமே துறை தரும் பதக்கம் போயிற்று. மூன்று ஆண்டுகளாக அதற்கென்றே படித்தவள்.

"கூடத்துல மாட்ட ஆணியே அடிச்சு வச்சிருந்தேன்டி!" என்று பெரியம்மா பொரிந்து தள்ளினாள். "பதினாறு மார்க் எங்க போச்சு?"

"கடைசிக் கேள்வியில கவனம் தப்பிடுச்சும்மா."

"கவனம் எங்க பெரியம்மா தப்புச்சு? தலைக்கனம்!" சின்னவளுக்கு நாக்கு நிற்கவில்லை. "அரை மணி நேரம் இருக்கும்போதே எழுந்து போயிட்டா. நான் மணி அடிக்கிற வரைக்கும் எழுதினேன். உக்காந்து எழுதினவளுக்குக் கிடைச்சுது."

"கேட்டியா? சின்னவ சொல்றா, கேட்டுக்கோ" என்றாள் பெரியம்மா.

பத்து கேட்டுக்கொண்டாள். பிறகு, "நேர்முகத்துக்குப் போட்டுக்க என் நீலச் சட்டையை எடுத்துக்கோ. உனக்கு அளவா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

'தோத்தவங்களுக்குப் பெருந்தன்மை தானா வரும்' என்று எண்ணிக்கொண்டாள் சின்னவள்.

மறுநாள், நேர்முகப் பட்டியலில் பெயர் சேர்க்க ஒப்புதல் வாங்கப் புள்ளியியல் பேராசிரியரின் அறைக்குப் போனாள். அவர் மேசைமேல் கிடந்த தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நல்லா தப்பிச்சம்மா. உச்சம் இறங்கினதுல உனக்கு வழி விட்டுது."

"ஆமா சார். நம்ம அதிர்ஷ்டம்."

அவர் பேனாவை மூடினார். ஆனால் தாளைக் கொடுக்கவில்லை.

"உங்க வீட்டுப் பொண்ணுதானே அவ? அன்னைக்கு அவளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருந்தா சார். ஏன்?"

"கடைசிக் கேள்விக்கு முழுசா பதில் எழுதி முடிச்சிட்டு, பக்கம் பக்கமா அவளே குறுக்கே அடிச்சிருக்கா. அடிச்சதுக்கு மார்க் போட எனக்கு அனுமதி இல்ல. ஆனா மனசு கேக்காம படிச்சுப் பார்த்தேம்மா... ஒரு வரிகூடத் தப்பில்ல."