பாறையோரத்துக் குழந்தை

கன்னியப்பன் மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகாபலிபுரம் கடற்கரையைப் படமெடுத்து, தன் இணையதளத்தில் கம்ப்யூட்டர் வால்பேப்பராக விற்றான். தளத்து விளம்பரங்களிலும், அதே படங்களைப் போட்ட ஸ்கிரீன்சேவர் சிடியிலும் இன்னும் கொஞ்சம் பணம் வந்தது. வாங்கியவர்கள் அனுப்பும் மெயில்களை மனைவி பூங்கொடிக்கு வாசித்துக் காட்டுவான்.

2005 கோடையில் டொரண்டோவிலிருந்து ஒருவர், பாறையோரம் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண் அழகு என்று எழுதியிருந்தார். இருவரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பாறை மட்டும்தான் இருந்தது. அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண்மணி, வேறொரு படத்தைச் சொல்லி, அந்தக் குழந்தை ஏன் வெறுங்காலோடு நிற்கிறது என்று கேட்டிருந்தார்.

"படத்துல யாருமே இல்லன்னு எழுதிடறேன்," என்றான் கன்னியப்பன்.

பூங்கொடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

"இல்லன்னு மட்டும் எழுதாதய்யா. அந்த மணலு இன்னா சூடு சுடும்!"

மறுநாள் அவள் செங்கல்பட்டு பஜாரில் சின்னதாக ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு வாங்கிவந்து, வாசலில் தங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் விட்டாள். ஞாயிறன்று கன்னியப்பன் வழக்கம்போல் தனியாகப் போய்ப் படமெடுத்து வந்து தளத்தில் ஏற்றினான்.

டொரண்டோக்காரர் எழுதினார்: குழந்தையின் சிவப்புச் செருப்பு அழகாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பெரிது.

கன்னியப்பன் வாசலுக்குப் போனான். செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. அதில் ஈர மணல் ஒட்டியிருந்தது. பூங்கொடி அதை எடுத்து மெல்லத் தட்டினாள்.

"பெருசாவே இருக்கட்டும்யா. வளர்ற கொயந்ததான?"